மஞ்சளுக்கு இடது கால், வேர்க்கொம்புக்கு வலது கால்

உரும்பிராய்ப் பொன்னம்பலத்தாருடைய முழங்கால்கள் இரண்டும் ஒரு சபையின் பொறுப்பில் போய்ச் சேர்ந்ததற்கு வேறு ஒருவரையும் குறை சொல்ல முடியாது. வாசிகசாலையில் பேப்பரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்திருக்கலாம். மனிதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், முழங்கால் நோவு இப்போது எவ்வளவோ குறைவு என்று நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டார். எங்களுடைய ஊர்ப்பக்கத்தில், நோகிறது, நோகிறது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியலாம், நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. குறைந்துவிட்டது என்று ஒருதரம் சொல்லிப் பாருங்கள். அடுத்த கிழமை வாசல் படலையடியில் ஸ்கூட்டர் வந்து நிற்கும்.

அந்த முழங்கால்கள் வெங்காயத் தறையில் குந்தியிருந்து களை பிடுங்கியே தேய்ந்தவை. விடியற்காலையில் வீங்கிப்போய் இருக்கும். குசினிப் படி ஏறுவதற்குள் நல்லூர் முருகனையும் மாவிட்டபுரத்தானையும் துணைக்குக் கூப்பிடுவார். ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் குளிசை கொடுத்தார்கள், நிறையைக் குறைக்கச் சொன்னார்கள், கதிரையில் இருந்தபடி காலை நீட்டி மடக்கப் பழக்கினார்கள். மிச்சத்தை மனைவி தவமலர் கையில் எடுத்தாள். இரவில் மஞ்சளும் மிளகும் போட்டுக் காய்ச்சிய பால். காலையில் மல்லியும் வேர்க்கொம்பும், அதாவது சுக்கும், அவித்த தண்ணீர். மத்தியானத்தில் முருங்கையிலைச் சுண்டல், இல்லாவிட்டால் முடக்கொத்தான் ரசம். மிளகாய்த்தூள் தொடாமல் மிளகு, சீரகம், மஞ்சள், மல்லி அரைத்துக் கூட்டி, உள்ளிப்பூண்டை அள்ளிப் போட்டு வைக்கிற சின்னமீன் சரக்குக்கறி. சீனிப் போத்தலை மட்டும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சரக்குக்கும் குளிசைக்கும் ஒத்துவருமோ என்று கிளினிக்கில் கேட்டுவிட்டுத்தான் எல்லாம் செய்தாள். இதில் எது வேலை செய்கிறது என்று அவள் ஆராயவில்லை. மனிசனுடைய கால் மடங்கினால் சரி என்று இருந்தாள்.

கால் மடங்கியே ஆகவேண்டிய காரணம் ஒன்று இருந்தது. நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு மகள் தர்சிகாவுக்குக் கலியாணம். மணவறையில் தகப்பன் சம்மணம் கட்டி இருந்து, பிள்ளையின் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் கொடுப்பதற்கு ஆள் தயார். தவமலரின் தம்பி யோகராசா கனடாவிலிருந்து கிழமைக்கு ஒருதரம் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தான்: "அத்தான், ஏலாட்டில் வில்லங்கப்படாதையுங்கோ. நான் இருந்து குடுக்கிறன்."

நல்ல மனிதன்தான் யோகராசா. அதுதான் கரைச்சல். கிணற்று மோட்டார் அவன் வாங்கித் தந்தது. சுற்று மதில் அவன் கட்டித் தந்தது. தர்சிகா படித்ததும் அவன் தயவில். பொன்னம்பலத்தார் தன் கையால் செய்வதற்கு மிச்சமாக இருந்தது பெற்ற பிள்ளையைப் பிடித்துக் கொடுப்பது ஒன்றுதான். அதையும் மச்சானிடம் விட்டுவிட அவருக்கு மனமில்லை. தாலிப் பொன்னுருக்கலுக்கு நாள் பார்த்த அன்றைக்கே, நான் சம்மணம் கட்டி இருந்துதான் குடுப்பன் என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லியும்விட்டார். ஆனி மாதக் கடைசியில், பாயில் காலை மடித்து ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்குமட்டும் இருக்க முடிந்தது. அந்தச் சந்தோஷப் புளுகத்தில்தான் வாசிகசாலையில் வாய் திறந்தார்.

ஸ்கூட்டரில் வந்தவள் துஷாந்தினி. வட மூட்டுநலப் பாரம்பரிய உணவு மேம்பாட்டுச் சபையின் வெளிக்கள உத்தியோகத்தர். வீட்டுக் குசினியில் கிடக்கும் சரக்குகளைக் கொண்டு மூட்டு வீக்கத்தையும் நோவையும் தணிப்பது அந்தச் சபையின் நோக்கம். நோக்கத்தில் ஒரு பிழையும் இல்லை, தவமலருடைய நோக்கமும் அதுதான். ஆனால் தவமலரிடம் மஞ்சள் உபகுழு, வேர்க்கொம்பு உபகுழு, உள்ளி உபகுழு, முருங்கை உபகுழு என்று இருக்கவில்லை. இவையெல்லாம் ஒன்றோடொன்று கதைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருங்கிணைப்பு உபகுழு என்று ஒன்றும் இருக்கவில்லை. சபை தொடங்கிய நாள் முதல் ஒரு கால்கூடக் குணமாகிக் கிடைக்கவில்லை என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்திருந்த நேரம் அது.

எதைச் சாப்பிட்டதால் குணமானது என்று அவள் கேட்டாள். பொன்னம்பலத்தார் உள்ளதைச் சொன்னார்.

"எல்லாம் சேர்த்துத்தான் பிள்ளை. குளிசையும் போடுறன், காலும் நீட்டி மடக்கிறன், மனிசி தாறதையும் குடிக்கிறன்."

"குளிசை எங்கடை சபைக்குள்ளை வராது ஐயா. கால் மடக்கிறது விளையாட்டுப் பகுதி."

"அப்ப எல்லாம் சேர்த்தெண்டு போடுங்கோவன்."

அப்படி ஓர் உபகுழு இல்லை என்று துஷாந்தினி மிகவும் மரியாதையாகச் சொன்னாள். நல்ல பிள்ளை, அவளுக்கும் இது விளங்காமல் இல்லை. ஆனாலும் அவர் மறுக்க முடியாதபடி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனாள். சபையின் பெருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து மூட்டு வைத்திய நிபுணர் ஒருவர் பிரதம விருந்தினராக வருகிறார், பயனாளியின் காலைத் தனியாகப் பார்ப்பார். கிளினிக்கில் பொன்னம்பலத்தாருக்குக் கொடுத்திருந்த அடுத்த தவணை கலியாணத்துக்குப் பிறகு. நிபுணர் ஒருதரம் தொட்டுப் பார்த்து ஏதும் சொன்னால் மணவறையில் இருக்கிற நேரம் இன்னும் கூடும் என்று மனிதர் கணக்குப் போட்டார்.

சபை கூடி முடிவெடுத்து அறிவித்தது. பொன்னம்பலத்தாருடைய இடது முழங்கால் மஞ்சள் உபகுழுவுக்கும், வலது முழங்கால் வேர்க்கொம்பு உபகுழுவுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. உள்ளி உபகுழு கோபித்துக்கொண்டு கூட்டத்திலிருந்து எழும்பிப் போனபடியால் அவர்களுக்கு வலது கை விரல்கள். விரல்களில் நோவு இல்லை என்று அவர் சொன்னபோது, வந்தால் தாமதியாமல் அறிவிக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். முருங்கைக்குக் கொடுக்க மூட்டு மிஞ்சவில்லை. அவர்கள் தவமலருடைய இடுப்பை விசாரித்தார்கள்.

மஞ்சள் போட்ட பாலை இடது காலுக்கு மட்டும் போகச் செய்வது எப்படி என்று பொன்னம்பலத்தார் துஷாந்தினியிடம் நேர்மையாகவே கேட்டார். அவள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுவிட்டு, இடது காலை நினைத்துக்கொண்டு குடிக்கும்படி சொன்னாள். குசினியிலிருந்து தவமலரின் குரல் வந்தது: "குடிச்ச கையோடை இடப்பக்கமாச் சரிஞ்சு படுங்கோ, வழியிலை வேறெங்கையும் போகாது."

விழாவுக்கு முன்னால் ஆயத்தக் கூட்டம் ஒன்றுக்கு வரச் சொன்னார்கள். சபையின் அலுவலகம் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குள், மூன்றாம் மாடியில் இருக்கிறது. லிப்ட் கிடையாது. கீழ் மாடி காலியில்லை, அங்கே விழாக்களுக்கான குத்துவிளக்கும் கொடிக்கம்பங்களும் பதாகைகளும் இருக்கின்றன. பொன்னம்பலத்தார் கைபிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது சேட்டு வேர்வையில் நனைந்திருந்தது.

தலைவர் குகதாசன் வரவேற்று உரையாற்றினார். முன்னாள் பாடசாலை அதிபர், முன்னாள் பணிப்பாளர், இன்னும் பல முன்னாள்கள். மாடியைப் பற்றிய விமர்சனங்கள் அவர் காதுக்கும் எட்டியிருந்தன போலும்.

"நோயாளிகளால் மேலே ஏறி வர முடியாது என்று சிலர் குறை சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் பணிவோடு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இந்தச் சபை தொடங்கிய நாளிலிருந்து, இந்த மண்டபத்துக்கு வந்து எனக்கு நடக்க முடியவில்லை என்று ஒருவராவது முறையிட்டதுண்டா? இல்லை. வந்தவர்கள் அனைவரும் நடந்தே வந்திருக்கிறார்கள். இதைவிட எங்கள் சேவைக்கு வேறென்ன சான்று வேண்டும்?"

கைதட்டினார்கள். தேநீர் வந்தது. வீக்கத்தைக் கூட்டும் உணவுகள் என்று சுவரில் பெரிய படம் ஒன்று தொங்கியது. பொரித்தவை, மா, சீனி, ஐஸிங் கேக் எல்லாம் சிவப்புக் கோட்டால் வெட்டப்பட்டிருந்தன. மேசையில் றோல்ஸ், கடலை வடை, ஐஸிங் கேக், கரண்டி நிற்கிற அளவுக்குச் சீனி போட்ட பால்தேத்தண்ணி. படத்தைப் பார்த்துத்தான் சிற்றுண்டிக்குச் சொன்னார்களோ என்று பொன்னம்பலத்தாருக்கு ஐயம் வந்தது. வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு ஒரு றோல்ஸை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைய விவாதம் மீனைப் பற்றியது. சின்னமீனில் மூட்டுக்கு நல்ல எண்ணெய் இருக்கிறது, சரக்குக்கறியை விழாவில் வைக்கத்தான் வேண்டும் என்றார் ஒருவர். விழா நடக்கப்போவது நல்லூர்த் திருவிழாக் கடைசிக் கிழமையில், அதுவும் வெள்ளிக்கிழமையில், அன்றைக்கு மீனா என்று மற்றவர்கள் கொதித்தெழுந்தார்கள். நாளை மாற்றலாம் என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை, அந்த நாளைத்தான் பிரதம விருந்தினர் கோயிலுக்கு வருவதற்காகத் தந்திருந்தார். செயலாளர் மயூரதன் கெட்டிக்காரன். நீர்வேலி வாழைக்காயை மீன் வடிவத்தில் வெட்டிச் சரக்குக்கறி வைப்பது என்றும், விளம்பரத்தில் மீன் என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கடல்சார் மரக்கறி என்று போடுவது என்றும் தீர்மானம் கொண்டுவந்தான். ஏகமனதாக நிறைவேறியது. பொன்னம்பலத்தார் மாடியிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய், அன்று பின்னேரம் முழுக்க முழங்காலுக்கு ஒத்தடம் பிடித்தார்.

விழா நாள் வந்தது. எங்களுடைய மண்ணில் விழா என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். விருந்தினர்களைச் சந்தியிலிருந்து பாண்ட் வாத்தியத்தோடு மாலை போட்டுக் கூட்டி வரவேண்டும். மூட்டு நோயாளிகள் இருபக்கமும் நிரையாக நின்று கை தட்ட வேண்டும் என்பது மயூரதனின் ஏற்பாடு. வெயிலுக்குள் நின்றார்கள். விருந்தினரின் வாகனம் பிந்தியது, ஆகவே இன்னும் நின்றார்கள். பிறகு மண்டபத்துக்குள் போய் இருந்தார்கள். கொடியேற்றம் என்றார்கள், எழும்பினார்கள். இருக்கச் சொன்னார்கள், இருந்தார்கள். மங்கல விளக்கு, எழும்பினார்கள். இறைவணக்கம், எழும்பினார்கள். மறைந்த சபை உறுப்பினர்களுக்கு மௌன அஞ்சலி, எழும்பினார்கள். சிறப்பு விருந்தினர் ஒருவர் பிந்தி வந்தார், அவருக்காக எழும்பினார்கள். அவர் மேடையை மாறி வந்துவிட்டார் என்று தெரிந்து இறங்கிப் போனபோதும் மரியாதைக்கு எழும்பினார்கள்.

பொன்னம்பலத்தாருக்குப் பக்கத்தில் குருநகர் கத்தரீனா இருந்தார். மீன் விற்று நடந்து நடந்து கால் போன மனுசி. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "அண்ணை, பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்குக்கூட நான் இவ்வளவு எழும்பி இருந்ததில்லை. அங்கையெண்டாலும் மோட்சம் தருவினம்."

மேடையில் உரைகள் நடந்தன. ஒவ்வொருவரும் மேடையிலிருந்த எல்லாரையும் பட்டங்களோடு விளித்து முடித்தபோது, பேச வந்ததற்கு நேரம் போதாமல் போனது. ஒரு பேச்சாளர், நமது முன்னோர் நாற்காலி அறியாதவர்கள், தரையில் இருந்தபடியால்தான் மூட்டு நோவு அறியாதவர்கள் என்று மெத்தை போட்ட சிம்மாசனக் கதிரையிலிருந்து எழும்பி வந்து சொன்னார். கடல்சார் மரக்கறி விருந்தினர் அறைக்குப் போனது. முடக்கொத்தான் ரசமும் அங்கேதான் போனது. நோயாளிகளுக்குக் கேக்கும் சோடாவும் வந்தன.

கடைசியாகப் பயனாளியின் முறை. முதலில் நோயுற்ற நிலையைக் காட்ட வேண்டும், மேடையின் ஓரத்திலிருந்து நொண்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அவ்வளவு நேரம் எழும்பி இருந்த காலுக்கு நொண்டி நடிக்கத் தேவைப்படவில்லை. ஆனாலும் மயூரதன் திரைக்குப் பின்னால் நின்று, இன்னும் கொஞ்சம் கூட நொண்டுங்கோ ஐயா, பின்வரிசைக்குத் தெரியேல்லை என்றான். பிறகு பித்தளைச் செம்பில் மஞ்சள் தண்ணீர் குடிக்க வேண்டும். உண்மையான மஞ்சள் தண்ணீரும் விருந்தினர் அறைக்குப் போய்விட்டபடியால், நிறம் பொருந்துகிறது என்று தோடம்பழச் சோடா ஊற்றியிருந்தார்கள். பொன்னம்பலத்தார் குடித்தார். பல்லுக் கூசியது.

பிறகு மேடைத் தரையில், வெறும் மாபிளில், சம்மணம் கட்டி இருந்தார். கால் மடங்கியது. மண்டபம் முழுக்கக் கை தட்டியது. உள்ளதைச் சொன்னால் அந்த நேரம் மனிதருக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அடுத்த கிழமை மணவறையில் தர்சிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் இருக்கப்போகிறோம் என்று நினைத்தபோது கண் கலங்கியது. அவர் அவ்வளவோடு எழும்பி வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மஞ்சள் உபகுழுவினர் படம் எடுக்க வந்தார்கள். இடது கால் மேலே தெரிய வேண்டும் என்றார்கள். வைத்தார். படம் எடுத்து முடிய வேர்க்கொம்பு உபகுழு வந்தது. வலது கால் மேலே. மாற்றி வைத்தார். மஞ்சள் உபகுழுவின் உபதலைவர் மலசலகூடத்துக்குப் போயிருந்தவர் அப்போதுதான் வந்தார், அவர் இல்லாத படம் செல்லாது. மறுபடி இடது. உள்ளி உபகுழு வலது கை விரல்களை முழங்காலில் வைக்கச் சொன்னது, எந்த முழங்காலில் என்பதில் ஒரு தர்க்கம் வந்து, இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்து எடுத்தார்கள். நோகுது தம்பி என்று அவர் மயூரதனிடம் சொன்னார். "கொஞ்சம் பொறுங்கோ ஐயா, நோகாத மாதிரி முகத்தை வையுங்கோ" என்று அவன் சொன்னான்.

அந்த நேரம் பார்த்துப் பிரதம விருந்தினர் விருந்தினர் அறையிலிருந்து மேடைக்கு வந்தார். ஒலிபெருக்கி எல்லாரையும் எழும்பச் சொன்னது. பழக்க தோஷம். சம்மணம் கட்டி இருந்த பொன்னம்பலத்தாரும் மரியாதைக்காகக் கையை ஊன்றி ஒரே உந்தாக எழும்பினார். வலது முழங்காலுக்குள் ஏதோ டக்கென்று கழன்ற சத்தம் மேடையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. அப்படியே திரும்ப விழுந்து இருந்துவிட்டார்.

தலைவர் குகதாசன் ஒலிவாங்கியைப் பிடித்தார். "பாருங்கள், எவ்வளவு காலத்துக்குப் பிறகு சம்மணம் கட்டி இருக்கும் பாக்கியம் கிடைத்திருக்கிறது. அந்த ஆனந்தத்தில் எழும்புவதற்கே மனமில்லாமல் இருக்கிறார்." மண்டபம் எழும்பி நின்று கை தட்டியது. கத்தரீனா மட்டும் எழும்பவில்லை.

திரைக்குப் பின்னால் வாங்குப் பலகையில் கிடத்தியபோது, பல்லைக் கடித்துக்கொண்டு பொன்னம்பலத்தார் நிபுணரைக் கேட்டார். துஷாந்தினி ஓடிப்போய்க் கூட்டி வந்தாள், அழுதிருந்தாள் போல இருந்தது. பிரதம விருந்தினர் வந்து, முழங்காலை இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். தான் நிர்வாகப் பக்கம் போய்க் கனகாலமாகிவிட்டது, கால் பார்ப்பதெல்லாம் முன்னம், இப்போது கட்டடங்களைத்தான் பார்ப்பது வழக்கம் என்று மிகவும் வருத்தத்தோடு சொன்னார். கோயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போனார். நன்றியுரை தொடர்ந்து நடந்தது.

ஆஸ்பத்திரியில் முழங்காலிலிருந்து நீர் எடுத்து, தொடை முதல் கெண்டைக்கால்வரை நீட்டிக் கட்டுப் போட்டார்கள். மடக்கவே கூடாது, கதிரையில் இருந்தாலும் காலை நீட்டி வேறொன்றில் வைக்க வேண்டும் என்றார் டொக்டர். குசினியில் செய்ததை விட வேண்டாம், ஆனால் கிழிந்ததை மஞ்சள் தைக்காது என்றும் சொன்னார். தவமலர் வீட்டுக்கு வந்து, சபைக்குத் தொலைபேசி எடுத்து, வாய்க்கு வந்தபடி பேசினாள்.

மயூரதன் பொறுமையாகக் கேட்டான். பழுதானது வலது முழங்கால், ஆகவே வேர்க்கொம்பு உபகுழுவிடம்தான் முறையிட வேண்டும் என்றான். வேர்க்கொம்பு உபகுழு, அந்தக் கால் குணமடைந்தது என்று ஏற்கெனவே மேலிடத்துக்கு அறிவித்துவிட்டது, குணமடைந்த கால் நோக முடியாது என்றது. மஞ்சள் உபகுழு இடது கால் நலமாக இருப்பதையிட்டு வாழ்த்து அனுப்பியது. அதோடு தலைவர் கட்டாயம் கலியாணத்துக்கு வருவார் என்றும், வாசலில் மாலை போட்டு வரவேற்க ஒழுங்கு செய்யும்படியும் மயூரதன் சொன்னான்.

கலியாணத்துக்கு முதல் நாள் ஐயர் பெரிய மனது பண்ணி, கதிரையில் இருந்தே தாரை வார்க்கலாம், குற்றமில்லை என்றார். மணவறைக்குள் இரண்டு கதிரை வைத்துப் பார்த்தார்கள். ஒன்று இருக்க, ஒன்று கால் நீட்ட. கால் நேரே ஓமகுண்டத்துக்கும் கும்பத்துக்கும் எதிரே போய் நின்றது. எப்படித் திருப்பி வைத்தாலும் ஒன்றில் தெய்வத்துக்குக் கால், இல்லாவிட்டால் மாப்பிள்ளைக்குக் கால்.

"வேண்டாம்," பொன்னம்பலத்தார் சொன்னார். "சாமிக்குக் காலை நீட்டிக்கொண்டு பிள்ளையைக் குடுக்க ஏலாது. யோகன் இருக்கட்டும்."

கலியாணத்துக்குக் கனடாவிலிருந்து வந்திருந்த யோகராசா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சுக்கொள்ளுங்கோ அத்தான் என்றான். உண்மையாகவே கண் கலங்கினான். நக்கலடித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மணவறைக்குப் போக முன்னம் தர்சிகா கூறைச் சேலையோடு வந்து அவருடைய கட்டுப் போட்ட காலைத் தொட்டுக் கும்பிட்டாள். கொம்மான் யோகன்ரை கையும் என்ரை கையும் ஒண்டுதான் பிள்ளை என்று அவர் சொன்னார். அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

முன்வரிசையில் இருந்த பொன்னம்பலத்தாரிடம் வீடியோக்காரன் வந்து, கால் படத்துக்குள் வருகிறது என்றான். பின்னுக்குக் கொண்டுபோய் இருத்தினார்கள். வாசலோரம், கடைசி வரிசை.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னம் சபை வந்தது. தலைவர், செயலாளர், உபகுழுக்களின் உபதலைவர்கள். வாசலில் மாலை போட்டு வரவேற்றார்கள். நாலு பேர் தூக்கி வந்த பரிசை மணவறைக்குப் பக்கத்தில் வைத்துத் திரையை நீக்கினார்கள். பொன்னம்பலத்தார் மேடையில் சம்மணம் கட்டி, நோகாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இருக்கும் படம். ஆள் உயரத்துக்குப் பெருப்பித்து, கறுப்புச் சட்டம் போட்டது. கீழே பெயரும் இருந்தது. வைப்பதற்கு வேறு இடம் இல்லாமல், எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்குக்குப் பக்கத்தில் கதிரையொன்றில் சாய்த்தார்கள். தலைவர் குகதாசன் தன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினார். இந்த மரியாதை எனக்குரியதல்ல, அவருக்குரியது என்று சொல்லி, படத்துக்குப் போட்டுக் கும்பிட்டார். அடக்கமான மனிதர் என்று பக்கத்தில் நின்றவர்கள் மெச்சினார்கள்.

கெட்டிமேளம் தொடங்க முன்னம், மாப்பிள்ளை பகுதிக் கிழவர் ஒருவர் அரியாலையிலிருந்து பிந்தி வந்து சேர்ந்தார். பொன்னம்பலத்தாரை முன்பின் கண்டதில்லை. இடமில்லாமல் கடைசி வரிசையில் அவருக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். மணவறையில் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த யோகராசாவைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, விளக்குக்குப் பக்கத்திலிருந்த படத்தையும் மாலையையும் பார்த்தார். தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உந்தப் படம் பொம்பிளையின்ரை தேப்பனே?"

"ஓம்."

"பாவம். பிள்ளையைத் தன்ரை கையாலை குடுக்கக் குடுத்துவைக்கேல்லை." மணவறையில் யோகராசாவின் கையிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "மனிசன் என்ன வருத்தம் வந்து மோசம் போனது?"

பொன்னம்பலத்தார் நீட்டியிருந்த காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வருத்தம் ஒண்டுமில்லை ஐயா. சுகப்படுத்திப் போட்டாங்கள்."